புனலில் எரிந்த வயல்

"எவனோ ஒருத்தன் வானத்தைக் கெடுத்து வைத்திருக்கிறான். என் கையில் மட்டும் கிடைக்கட்டும் அவன்."

பக்கிரிசாமி வரப்பில் நின்று பொருமினார். பாதி ஆயுளை நெல் தரகில் கழித்தவர். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியே முன்னுக்கு வந்தவர். எல்லாம் போதுமென்று இப்போது அமிர்தவல்லி அம்மைக்குச் சீடர். அம்மை அவரைவிட இளையவர். மடத்து வயலைப் பார்த்துக்கொள்வது பக்கிரிசாமிதான்.

போன போகம் அறுப்பு நேரத்தில் காலம் தப்பிய மழை கொட்டி, கதிர் வயலிலேயே முளைவிட்டது. மடத்துக்குக் கஞ்சி வாங்க வந்தவர்கள் வெறும் தூக்கோடு திரும்பினார்கள். இந்தப் போகமும் போனால் அடுப்பு அணைந்த மாதிரிதான்.

"யார் தாயே கெடுத்தது?"

பக்கத்தில் நின்ற அம்மை குனிந்து வயல் தண்ணீரைப் பார்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைக் கொண்டுவரச் சொன்னார்.

பொழுது சாய்ந்திருந்தது. வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. பக்கிரிசாமிக்கு அதுதான் பெருமை. தண்ணீர் தெரியாத வயலைப் பார்த்தால் கையாலாகாதவன் வயல் என்று கேலி பேசுவார்.

அம்மை புனலைத் தண்ணீரில் கவிழ்த்து, அதன் குழல் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார்.

"அடியிலிருக்கிற சேற்றை மிதியும்."

மிதித்தார். கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிப் புனலுக்குள் ஏறியது. தீக்குச்சியைக் கிழித்துப் பிடிக்கச் சொல்லி, புனலை அமிழ்த்தி, விரலை எடுத்தார் அம்மை. பக்கென்று பற்றியது. நீலமாக ஆடி அணைந்தது.

பக்கிரிசாமி பின்வாங்கினார்.

தண்ணீர் எந்நேரமும் மூடிக்கிடந்தால் சேற்றுக்குள் வைக்கோல் காற்றில்லாமல் அழுகும் என்றார் அம்மை. அதில் கிளம்பும் வாயு மேலே போய்ச் சூட்டைப் பிடித்து வைக்கும், சூடேறிய வானம் முறை தவறும். பயிர் தூர் விடும் பருவம் இது, காய்ச்சலும் பாய்ச்சலும்தான் வேண்டும் என்றார்.

"பயிருக்குக் காய்ச்சலா? செத்துப்போகாதா தாயே?"

"நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற காய்ச்சல் இல்லை. தண்ணீரை வடித்து மண்ணைக் காயவிடுவது. மயிரிழை வெடிப்பு கண்டதும் பாய்ச்சும். மறுபடி காயவிடும். பூக்கிறபோது மட்டும் வடிக்க வேண்டாம்."

தரகர் வயல் வறண்டுபோச்சு என்று ஊர் சிரிக்குமே. நினைத்ததுமே பக்கிரிசாமியின் கை பழக்கத்தில் துண்டை விரித்து அதனடியில் நீண்டது. எத்தனை விரல் தண்ணீர் குறைத்தால் போதும் என்று பேரம்.

அம்மை துண்டை உருவி அவர் தோளிலேயே போட்டார்.

"சுற்றிலும் பாருங்கள் தாயே, எல்லா வயலும் தளும்புகிறது. அவர்கள் முதலில் வடிக்கட்டும். நான் ஒருத்தன் மடையைத் திறந்து என்ன ஆகப்போகிறது?"

அம்மை புனலை அவர் கையில் கொடுத்தார்.

"எவனோ ஒருத்தன் என்றீரே, அவன் அகப்பட்டுவிட்டான். விட்டுவிடாதீர். வடிமடைக்கு இழுத்துப் போம். கெடுத்ததை அவன் கையாலேயே சரிசெய்யச் சொல்லும். இன்றைக்கே."