முதல் எரர்

"டீச்சர், நேத்து காலையிலேருந்து முட்டி மோதிக்கிட்டு இருக்கேன். கம்பைல் ஆக மாட்டேங்குது" என்றார் பொன்னுரங்கம்.

குமுதவல்லி டீச்சர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"என்ன சொல்லுது?"

"நானூறு வரிக்கு எரர் கொட்டுது. கடைசியில, நிறுத்திட்டேன்னு சொல்லுது."

"முதல் எரர் என்ன?"

"அது எங்கயோ மேல ஓடிப் போயிருச்சு. அதை யாரு டீச்சர் பார்க்கா?"

"பார்த்துட்டு வாங்க."

அவ்வளவுதான் பாடம். அதற்குத்தான் அந்த மனுஷன் வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருந்தார் டீச்சர். பாலிடெக்னிக் வேலையை உதறிவிட்டு வந்தவர். வயது முப்பத்தெட்டு. கீழே மில் ஓடினால் மேலே தரை அதிரும், கீபோர்டில் மாவு படியும். அப்படியும், கம்பைல் ஆகாத புரோகிராமைத் தூக்கிக்கொண்டு மதுரை, நாகர்கோவிலிலிருந்தெல்லாம் ஆள் வரும். டீச்சர் கேள்வி கேட்பார். யாருடைய கம்ப்யூட்டரையும் தொட மாட்டார். தொட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. நாங்கள் என்றால் மூன்று பேர், படிக்கிறோம் என்ற பெயரில் அங்கேயே பழியாகக் கிடந்தவர்கள்.

பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தேழு வயது. எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பாடம் எடுக்க வேண்டிய ஆள். 'வாசிப்பான்' அவர் செய்தது. திரையில் இருக்கிற தமிழைக் கண் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துச் சொல்லும் புரோகிராம் அது. ஊரில் இருந்த பார்வையற்றோர் சங்கத்தில் எட்டு வருடமாக ஒரே கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் இடி இறங்கி அந்தக் கம்ப்யூட்டர் கருகிப்போனது.

புதுசு வாங்கினார்கள். பழைய வாசிப்பான் புதுசில் ஓடாது. எழுதியதை எடுத்து முதலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும், அதாவது அந்த மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கட்ட வேண்டும். கட்டும்போது அது ஒவ்வொன்றாகக் கேட்கும். லைப்ரரி என்று சொல்கிற துணைப் புரோகிராம்களில் இது இருக்கா, அது இருக்கா என்று. ஒன்று குறைந்தாலும் கட்டை வண்டி மாதிரி பாதியில் படுத்துவிடும்.

சங்கத்துச் செயலாளர் மங்கையர்க்கரசி பொன்னுரங்கத்துக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அரசாங்க வேலைக்கான பரீட்சை, இன்னும் மூன்றே வாரம்.

"பாடம் பூரா கம்ப்யூட்டருக்குள்ள கிடக்கு சார். படிச்சுச் சொல்லத்தான் ஆளில்ல. எனக்கு இந்த வருஷத்தோட வயசும் முடியுது. அடுத்த தடவைங்கிறது எனக்குக் கிடையாது."

மறுநாள் பொன்னுரங்கம் வந்தார்.

"பார்த்தேன் டீச்சர்."

"என்ன?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு லைப்ரரி இல்லையாம். சின்னதுதான்."

"பேரு?"

"மூச்சு."

"யாரு எழுதினது?"

"தெரிஞ்ச ஆள்தான்."

"அப்ப கேட்டு வாங்குங்க."

"அது இருந்த சர்வரே இப்ப இல்ல டீச்சர்."

"சர்வரையா கேட்கச் சொன்னேன்?"

கீழே மில் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்து அவர் எழுந்து போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து வந்தவர் கையில் ஒரு பொட்டலம். சூடான பஜ்ஜி. முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

"முடிச்சிட்டேன் டீச்சர்! ஒரு எரர் இல்ல."

"மூச்சு கிடைச்சிருச்சா?"

"அது எதுக்கு டீச்சர்? அது இல்லாமலே முடிச்சிட்டேன்."

என்ன செய்தார் தெரியுமா? 'மூச்சு' என்ற பெயரில் ஒரு காலி ஃபைலை உண்டாக்கி வைத்துவிட்டார். மூச்சு இருக்கா என்று கேட்டது. இருக்கு என்று காட்டினார். நம்பிவிட்டது. இந்தத் தில்லுமுல்லு எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நானே செய்திருக்கிறேன். அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"சங்கத்துல கொடுத்துட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"நேத்து சாயந்தரமே ஏத்திக் கொடுத்துட்டேன்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"இன்னும் கேட்கல."

"கேளுங்க."

பொன்னுரங்கம் போனை ஸ்பீக்கரில் போட்டார். பாராட்டு எங்கள் காதிலும் விழட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"சார், என்ன சார் இது?" என்றார் மங்கையர்க்கரசி. "மூச்சு விடாம பேசுது. ஒரு வரி எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குது, ஒண்ணும் பிடிபடல. கேள்வியும் பதிலும் ஒரே ஓட்டமா ஓடுது. காலையிலேருந்து கேட்டுக் கேட்டுத் தலைவலிதான் மிச்சம். முன்னால பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து நிதானமா வாசிச்சுக் காட்டுத மாதிரி இருக்கும். அது எங்க சார் போச்சு?"

"பார்க்கேம்மா" என்று போனை வைத்தார்.

பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

"எங்க நிறுத்தணும், எவ்வளவு நேரம் நிறுத்தணும். அதைச் சொல்லுறதுதான் மூச்சு" என்றார் பொன்னுரங்கம். "எழுதினவன் சவரிராயன். எனக்கு இருபது வருஷச் சிநேகிதன். நான் குரலைச் செஞ்சேன், அவன் இதைச் செஞ்சான். வாய்விட்டு வாசிச்சு வாசிச்சுப் பார்ப்பான். ஆபீசுல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க."

டீச்சர் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னால வாசிப்பானுக்கு ஒரு விருது கிடைச்சுது. செஞ்சவங்க பேரைக் கேட்டாங்க. அவன் செஞ்சது சின்ன வேலைதானேன்னு அவன் பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா? விட்டீங்களா?"



"அழிச்சேன். பட்டியல்ல ரெண்டு பேரோட பேரும் இருந்தது. ஒரு வரியை அழிச்சேன். புரோகிராம் உள்ள இருந்தும் அழிச்சேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"விழாவுக்கு வந்திருந்தான். மூணாவது வரிசையில உட்கார்ந்து கை தட்டினான். மறுநாள் போன் பண்ணி, மூச்சை மட்டும் என் சர்வர்ல தனியா வச்சிக்கிடுதேன் பொன்னு, உனக்கு வேணும்போது எடுத்துக்கோன்னான். சண்டை போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், ரெண்டு நாள்ல சரியாப் போயிருக்கும். பாவி சண்டை போடல. அதோட பேச்சு நின்னு போச்சு."

"இப்ப எங்க இருக்காரு?"

"இல்ல டீச்சர். போன ஐப்பசியில போயிட்டான். சிநேகிதங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்தாங்க."

"போனீங்களா?"

"கும்பிடுற கை ஒண்ணு போட்டேன்."

எங்களில் ஒருவன் இருமினான்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"அவன் சம்சாரம். தூத்துக்குடியில. நான் எந்த முகத்தை வச்சிக்கிட்டு டீச்சர் அங்க போவேன்?"

டீச்சர் எழுந்தார். வாசலுக்குப் போனார். பொன்னுரங்கத்தின் செருப்பு உள்ளே பார்த்துக் கிடந்தது. குனிந்து, இரண்டையும் கையால் எடுத்து, படிக்கட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

ஒருத்தர் கீபோர்டைக்கூடத் தொடாத டீச்சர். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொன்னுரங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

தூத்துக்குடியில் நடந்ததை அவரே பிறகு எங்களிடம் சொன்னார்.

பஸ்ஸில் போகும்போதே என்னென்ன பேசுவது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருக்கிறார். கதவைத் திறந்த சவரிராயன் சம்சாரம் பிலோமினா, "வாங்க அண்ணாச்சி" என்றாராம். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றார் பொன்னுரங்கம்.

உட்காரச் சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போனார். காபியும், ஊசி நூல் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவும் கொண்டுவந்து வைத்து, டப்பாவிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார்.

"இதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. பொன்னு ஒரு நாள் வருவான், புது மெஷின் வாங்கினா வந்துதானே ஆகணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னைக்குக்கூட இதைத்தான் தட்டிக்கிட்டு இருந்தாரு. ஆட்டோ வாசல்ல நிக்கு, ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னு."

"நான் அவனுக்குச் செஞ்சது துரோகம்மா" என்றார் பொன்னுரங்கம்.

"காபி ஆறுது, குடிங்க."

"என்னை மன்னிச்சிரும்மா."

"அதை எங்கிட்ட சொல்லி என்ன அண்ணாச்சி ஆகப்போகுது?"

குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் எங்கள் முன்னால்தான் பென்டிரைவைச் செருகினார். உள்ளே மூச்சு இருந்தது. கூடவே, எப்போது என்ன மாற்றினோம் என்று தேதி போட்டு எழுதி வைக்கிற குறிப்பு ஒன்று. அந்த வழக்கம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலும் ஒரே வார்த்தையில் கிறுக்கிவிட்டுப் போவோம்.

சவரிராயன் கிறுக்கவில்லை. விருது விழாவுக்கு அடுத்த வருடம் முதல் குறிப்பு. 'கம்பைலர் மாறிவிட்டது. அதற்குத் தக்கபடி திருத்தினேன். பொன்னு கட்டும்போது உடையக் கூடாது.'

அடுத்த வருடம் அதேபோல ஒன்று. அதற்கடுத்த வருடமும். ஏழு குறிப்பு இருந்தது. கடைசி இரண்டு வரியும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். கடைசிக் குறிப்பின் தேதி போன வருடம் புரட்டாசியில் விழுந்தது.

மூச்சைக் கேட்கிற புரோகிராம் உலகத்திலேயே வாசிப்பான் ஒன்றுதான். அதைப் பொன்னுரங்கம் அந்த ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடத் திரும்பக் கட்டவில்லை. யாருமே கேட்காத ஒன்றை அந்த மனுஷன் வருடா வருடம் பழுது பார்த்து வைத்திருக்கிறார்.

பொன்னுரங்கம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

"கட்டுங்க" என்றார் டீச்சர்.

பொன்னுரங்கம் அந்தக் காலி ஃபைலை அழித்தார். கட்டினார். வரிவரியாக ஓடி, ஒரு எரரும் இல்லாமல் நின்றது.

"ஆச்சா?"

"இன்னும் ஒரு வரி பாக்கி டீச்சர்."

செய்தவர்கள் பெயர் இருக்கிற ஃபைலைத் திறந்தார். தன் பெயருக்கு மேலே ஒரு வரி சேர்த்தார். மறுபடி கட்டினார். ஓட்டினார்.

"வாசிப்பான்" என்றது குரல். "செய்தவர்கள், சவரிராயன், பொன்னுரங்கம்."

இரண்டு பெயருக்கும் நடுவில் நிதானமாக நிறுத்திச் சொன்னது. நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

சாயந்தரம் சங்கத்தில் ஏற்றிக் கொடுத்தார். அடுத்த நாள் காலை அவர் எங்களோடு உட்கார்ந்திருக்கும்போது மங்கையர்க்கரசியின் போன் வந்தது. இந்த முறை ஸ்பீக்கரை அவர் போடவில்லை. டீச்சர்தான் கை காட்டி, போடச் சொன்னார்.

"சார், இப்பத்தான் சார் சரியா இருக்கு! ராத்திரிக்குள்ள ரெண்டு பாடம் முடிச்சிட்டேன். பழைய ஆளே திரும்பி வந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. ஆமா, ஆரம்பத்துல ஒரு பேரு புதுசா வருதே, சவரிராயன்னு. அவருதான் சரி பண்ணிக் கொடுத்தாரா?"

"ஆமாம்மா."

"அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லணும் சார். நம்பர் இருக்கா?"

பொன்னுரங்கம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்மா" என்றார். "எட்டு வருஷமும் எங்கிட்டத்தான் இருந்தது. நான்தான் போடல, இப்ப எடுக்க அவன் இல்ல."