வலி இருக்கா, போயிருச்சா?

சிரிக்க வைக்கிறேன். கொஞ்சம் பொறுங்க. அதுக்கு முன்னால ஓர் ஆள் அலறணும்.

ஆள் பெயர் காளிராஜ். பருப்பு குடோனில் மூட்டை தூக்குகிறவன். வயது நாற்பத்தெட்டு. மலையடிவாரத்துக் குருவிடம் நொண்டிக்கொண்டே வந்தான்.

குருவுக்கு வயது முப்பதுதான். ஊர் அவளுக்கு வைத்த பெயர் முட்டிச்சாமி.

"தாயி, முழங்கால் சில்லு வலி. ஆறு வருஷமா."

"இப்ப என்ன அவசரம் அண்ணே?"

காளிராஜ் குடோன் மேஸ்திரியின் கட்டைக் குரலிலேயே சொன்னான்: "'தை பிறக்குறதுக்குள்ள குந்தி எந்திரிச்சுக் காட்டுடா. இல்லாட்டி வீட்டுல கிட.' வீட்டுல மூணு வயிறு, தாயி."

"தினமும் முட்டிக்கு என்ன செய்றீங்க?"

"ஒண்ணும் செய்றதில்ல. காலையில தரை வரைக்கும் ஒரு தடவை குந்துவேன். வலி இருக்கா, போயிருச்சான்னு பார்க்க."

"இருக்கா?"

"தினமும் இருக்கு."

குரு சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்காதீங்க. இன்னும் நேரம் வரலை.

"காலையில குந்திப் பார்க்குறதை நிறுத்துங்க. இங்கேயே தங்குங்க."

அவன் துண்டாலேயே அவன் கண்ணைக் கட்டினாள். பின்னால் ஒரு மணைப்பலகை போட்டாள்.

"பின்னால பலகை தட்டுற வரைக்கும் இறங்குங்க. தட்டினதும் எந்திரிங்க. பத்துத் தடவை."

கடக்.

அலறல் குடோன் வரை கேட்டிருக்கும்.

மறுநாள், கண்ணைக் கட்டிய பிறகு, சத்தமில்லாமல் மணைமேல் ஒரு தட்டை ஓடு வைத்தாள். அதற்கு மறுநாள் இன்னொன்று.

அலறல் முனகலானது. முனகல் 'ஸ்ஸ்' ஆனது. பதினெட்டாம் நாள் அதுவும் இல்லை.

"தாயி, போயே போச்சு!"

துண்டை அவிழ்த்தான். திரும்பினான்.

பதினேழு ஓடு. நாற்காலி உயரம்.

"ஏமாத்திட்டியே தாயி! தை பிறக்க மூணு நாளுதான் இருக்கு."

"இந்த உயரத்துல வலிச்சுதா?"

"இல்ல."

"பத்துத் தடவையும்?"

"...இல்ல."

"நாளைக்கு ஓர் ஓடு எடுப்போம். வலிக்காட்டி அப்புறம் இன்னொண்ணு."

"மூணு நாளுல பதினேழு ஓடா?"

"முடியாது அண்ணே."

காளிராஜ் ஓடுகளைக் காலால் தள்ளினான்.

"முட்டி சரியாச்சா இல்லையான்னு இப்பவே பார்த்துடுறேன்."

தரை வரை இறங்கினான்.

கடக்.

எழ முடியவில்லை. குரு கை கொடுக்கவில்லை. சிதறிய ஓடுகளைப் பொறுக்கி மறுபடி அடுக்கினாள்.

"ஆறு வருஷத்துல எத்தனை நாள் காலையில இப்படிக் குந்திப் பார்த்தீங்க அண்ணே?"

காளிராஜ் விரல் மடக்கினான். பாதியில் நிறுத்தினான். முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"தாயி... தினமும் குந்திக் குந்திப் பார்த்து வலியைப் போகவிடாம வச்சது... நானேதானா?"

சிரிப்பு வரும் என்று சொன்னேனே. வந்தது. அவனுக்கு மட்டும்.