நொச்சிப்பட்டிக் கீப்பருக்கு ஒரு குக்கர்

நம்புகிறவர்கள் இதை அப்படியே நம்பிக்கொள்ளலாம். நம்பாதவர்கள் தலையில் இருக்கிற மண்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்கலாம். அன்றைக்கு நொச்சிப்பட்டிக் கண்மாய்க்குள் அப்படித்தான் கேட்டார்கள்.

அந்தக் கண்மாயில் தண்ணீர் கிடந்தால் மீன், வற்றினால் கிரிக்கெட். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பளைகள் சுத்துப்பட்டு ஊர் அணிகளோடு மோதுவார்கள். மற்ற நாளில் பெண்கள் நூறு நாள் வேலைக்கு வந்து, ஆடுகளத்தை மட்டும் தொடாமல் சுற்றிலும் மண் வெட்டுவார்கள். சீசன் முடிந்ததும் பரிசு யாருக்கு என்று முன்பெல்லாம் ஆட்டக்காரர்களே பேசி முடித்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படிப் பேசி முடித்ததில் இரண்டு பேருக்கு மண்டையில் தையல். பரிசுக்கு வாங்கி வைத்திருந்த மின்விசிறிக்கு மூன்று இறக்கையும் போயிற்று.

அதிலிருந்து ஒரு வழக்கம். பரிசை முடிவு செய்வது கண்மாயில் மண் வெட்டுகிற பெண்கள். ஆம்பளைகள் வாய் திறக்கக் கூடாது. ஓட்டு என்பது ஒரு சட்டி மண். யாருக்குப் பரிசு கொடுக்கலாம் என்று நினைக்கிறாளோ, அவன் பேருக்கு ஒதுக்கின குவியலில் கொட்ட வேண்டும். போட்டியில் இருக்கிறவனின் வீட்டுக்காரிக்கோ அம்மாவுக்கோ ஓட்டு கிடையாது, வாய் மட்டும் உண்டு. பெண்கள் கையில் வந்ததும் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆடினது எப்படி என்று மட்டும் பார்த்தால் போதாது, ஜெயித்த சாமான் அந்த வீட்டில் புழங்குமா, பரணில் தூங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் பந்துவீச்சுக்கு இஸ்திரிப் பெட்டி. அது யாருக்கு என்பதில் பேச்சே இல்லை. புது ஆட்டக்காரனுக்குத் தூக்குவாளி. புதிதாக வந்தவன் ஒரே ஒருத்தன், அவனுக்கே போயிற்று. மிச்சம் இருந்தது தொடர் நாயகன் பரிசு. அஞ்சு லிட்டர் குக்கர்.

முப்புடாதிக்கு அந்தக் குக்கர் வேண்டும். அவள் வீட்டுக் குக்கர் போன ஐப்பசியில் மூடியைக் கூரைக்கு அனுப்பிவிட்டு ஓய்ந்துவிட்டது. குக்கர் இல்லாமல் கேஸில் சோறு வடித்தால் சிலிண்டர் பாதி மாசம்கூடத் தாங்காது. அன்றிலிருந்து விறகடுப்பு. ஊதி ஊதிச் சோறு வடித்து, இரண்டு வயது மகளுக்கு ஊட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால், வேலைப் பொறுப்பாளர் ஞானசெல்வி வருகைப் பதிவுக்கான காலைப் போட்டோவை எடுத்து முடித்திருப்பாள். போட்டோவில் இல்லாதவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை. இந்த வாரத்தில் மட்டும் இரண்டு தடவை வந்த வழியே திரும்பிப் போனாள்.

அவள் புருஷன் கற்பகராஜ் நொச்சிப்பட்டி அணியின் விக்கெட் கீப்பர். பரிசுக்கு எதிரே நின்றது அதே அணியில் ஆடுகிறவன், கூட மண் வெட்டுகிற வெயிலாட்சியின் மகன் அருண்பாண்டி. தை மாசம் அவனுக்குக் கல்யாணம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கருவேல மரத்தடியில் உட்கார்ந்ததும் வெயிலாட்சிதான் முதலில் பேசினாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"எம்மவன் ஒம்போது ஆட்டத்துல முன்னூத்திப் பன்னெண்டு ரன்னு" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

ஞானசெல்வி ரன் கணக்கு நோட்டைப் புரட்டினாள். "சரியா இருக்கு அத்தை. கற்பகராஜ் அண்ணன் நாப்பத்தொண்ணு."

நாலைந்து பேர் முப்புடாதியைப் பாவமாகப் பார்த்தார்கள். அவள் வாயில் இருந்த ஊறுகாயை மெதுவாகச் சப்பி முடித்தாள்.

"ரன்னு அடிக்கிறதை எல்லாரும் பாக்காக. அடிக்க விடாம நிறுத்துனதை யாரு எழுதுதா? ஆத்திகுளத்துக்காரனோட ஆடும்போது எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சுண்டுவிரல் பிசகிப்போச்சு. துணியைச் சுத்திக்கிட்டு நின்னாகளா இல்லையா?"

"நின்னான், நின்னான். நானே பாத்தேன்" என்றாள் ஒருத்தி. அது நிஜம்தான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"அதுவும் எப்படி நின்னாக! அன்னிக்கு ஒருத்தனை ஸ்டம்பிங் பண்ணுனாகளே, அதுல என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அவுக கை வேகத்துக்குப் பந்தே வந்து சேரலை. பந்து வாரதுக்கு முன்னாலயே ஸ்டம்புமேல இருந்த பெயிலைத் தட்டிட்டாக. அடடா, பந்து இன்னும் வரலையேன்னு பெயிலை எடுத்து மறுபடி அதே இடத்துல வச்சாக. பந்து வந்துச்சு. பிடிச்சு மறுபடியும் தட்டுனாக. அம்பயரு கண்ணுக்கு ரெண்டாவது தட்டுனது மட்டும்தான் தெரிஞ்சுது. நியாயமாப் பாத்தா ரெண்டு அவுட்டு குடுத்திருக்கணும்."

"ஒரு ஆளை ரெண்டு தடவை எப்படிட்டி அவுட்டாக்குறது?"

"அடுத்து வாரவன் கணக்குல கழிச்சுக்கிட வேண்டியதுதான்."

சிரிப்பு எழுந்தது. வெயிலாட்சி சிரிக்கவில்லை. "முன்னூத்திப் பன்னெண்டு" என்றாள்.

சாப்பிட்டு எழுந்த இரண்டு பேர் போய் மண் வெட்டி, அருண்பாண்டி குவியலில் ஆளுக்கொரு சட்டி கொட்டிவிட்டு வந்தார்கள். முப்புடாதிக்கு வயிற்றில் புகை மூண்ட மாதிரி இருந்தது. விறகடுப்புப் புகை.

"ஓடைப்பட்டிக்காரனோட ஆடுன ஆட்டத்துக்கு நீங்க யாரும் வரலை" என்று ஆரம்பித்தாள். அது வெளியூர் ஆட்டம். யாரும் போகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் ஆரம்பித்தாள். "ஓடைப்பட்டிக்காரன் ஒருத்தன் பந்தை நேரா மேல தூக்கி அடிச்சான். போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருக்கு. எல்லாரும் அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிச்சு உக்காந்துட்டாக. அம்பயரு கடிகாரத்தைப் பாத்துட்டு, சரி, சாப்பாட்டு இடைவேளைன்னுட்டாரு. தக்காளிச் சோறு. எல்லாரும் சாப்பிட்டாக. எங்க வீட்டுக்காரவுக மட்டும் இடக்கையால சாப்பிட்டாக."

"ஏன்?"

"வலக்கையில கிளவுஸு. பந்து எப்ப வரும்னு யாரு கண்டா? சாயந்தரம் நாலு மணி இருக்கும். காத்து லேசா ஈரமா அடிச்சுது. 'இந்தா வருது'ன்னு கையை நீட்டுனாக. பொத்துன்னு விழுந்துச்சு. பந்து சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, மேகத்துக்குள்ள போயிட்டு வந்திருக்குல்லா! அதுமேல ஒரு குருவிக்கூடு."

"ஏட்டி! பந்துமேல கூடா? அதுல முட்டையும் இருந்துச்சுன்னு சொல்லுவியே!"

முப்புடாதி முகத்தைச் சுளித்தாள். "முட்டையெல்லாம் இல்ல மதினி. இல்லாததைச் சொல்லக் கூடாது. கூடு மட்டும்தான்."

மரத்தடியே குலுங்கியது. ஒருத்திக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவள் தலையில் தட்டினாள். தட்டினவளே எழுந்து போய்க் கற்பகராஜ் குவியலில் ஒரு சட்டி கொட்டினாள். புரையேறினவள் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு சட்டி கொட்டினாள்.

"முன்னூத்திப் பன்னெண்டு" என்றாள் வெயிலாட்சி, கொஞ்சம் சத்தமாக.

"மதினி, அந்த நாப்பத்தொண்ணு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. நோட்டுல எழுதுனதுதான் நாப்பத்தொண்ணு. ஓடுனது எவ்வளவு? குருவிமடை ஆட்டத்துல அவுக அடிச்ச பந்து கரையைத் தாண்டி ரோட்டுல போன சங்கரன்கோவில் பஸ்ஸுக்குள்ள விழுந்துருச்சு. சன்னலோர சீட்டு. கண்டக்டரு அரை டிக்கெட்டு கிழிச்சுக் குடுத்துட்டாரு. பந்து சங்கரன்கோவில் போய், டீ குடிக்க நின்னு, திரும்பி வாரதுக்கு மூணு மணி நேரம். அதுவரைக்கும் இவுக ரெண்டு ஸ்டம்புக்கும் நடுவுல ஓடிக்கிட்டே இருந்தாக."

ஞானசெல்வி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் பட்டப்படிப்பு முடித்தவள். "அக்கா, எல்லைக்கோட்டைத் தாண்டினா ஆறு ரன்தான். ஓட வேண்டியதே இல்லையே."

"கோடு இருந்தாத்தானே தாண்டும்? அன்னிக்குக் கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்பை வெள்ளாடு நக்கிட்டுப் போயிருச்சு. கோடு இல்லாத ஆட்டத்துல எது எல்லை? ஓடத்தான் செய்யணும். ரன்னு எழுதுன பையனோட பேனா நாப்பத்தொண்ணுல மையி தீந்துபோச்சு. அதோட விட்டுட்டான்."

"ஓடுன ஓட்டத்துல உம்புருசன் காலு என்னாச்சு?"

"காலுக்கு ஒண்ணும் ஆகலை. ஆடுகளம்தான் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாயிருச்சு. அந்த ஊர்ப் பொம்பளைகளுக்கு ஒரு வாரத்துக்கு வெட்டுற வேலை மிச்சம்."

இப்போது சட்டிகள் பறந்தன. ஒரு சட்டி இங்கே, ஒரு சட்டி அங்கே. கதை கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாருமே கற்பகராஜுக்குப் போடவில்லை. சிலர் வயிறு நிறையச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அருண்பாண்டி பக்கம் கொட்டினார்கள். ரன் ரன்தானே. ஆனால் புழக்கம் என்று வந்தபோது பேச்சு முப்புடாதி பக்கம் சாய்ந்தது.

"வெயிலாட்சி மதினி வீட்டுல ஏற்கெனவே ஒரு குக்கர் இருக்கு" என்றாள் ஒருத்தி.

"வர்ற மருமகளுக்கு ஒண்ணு வேண்டாமா?"

"மருமக தை மாசம்லா வருவா. இவ நாளைக்குக் காலையில சோறு பொங்கணும். பச்சப்புள்ளையை வச்சுக்கிட்டுப் புகைக்குள்ள கெடக்கா."

ஞானசெல்வி எண்ணிப் பார்த்தாள். இந்தக் குவியலில் ஏழு, அந்தக் குவியலில் ஏழு.

பாக்கி ஒரே ஒரு ஓட்டு. பூலம்மா. சிரிக்காதவள் என்று ஊரில் பேர் வாங்கினவள். அத்தனை கதைக்கும் அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. சும்மாட்டைத் தலையில் வைத்து, நிறைந்த மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு குவியலுக்கும் நடுவில் நின்றாள்.

"ஆட்டத்துல வெயிலாட்சி மவன் மேல. புழக்கத்துல இவ மேல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "புள்ளைக்காரி. குக்கரும் இல்ல ஒண்ணும் இல்ல." சொல்லிக்கொண்டே கற்பகராஜ் குவியல் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.

முப்புடாதி அப்போது வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஆட்டத்தில் தன் புருஷன் கீழே என்று ஊர் முன்னால் ஒருத்தி சொல்லி, அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. ஜெயிக்கிறதுதான் ஜெயிக்கிறோம், ஆட்டத்திலும் ஜெயித்ததாக இருக்கட்டுமே என்று தோன்றிவிட்டது.

"சித்தி, ஒரு நிமிசம்! ஆட்டத்துலயும் அவுகதான் மேல. கடைசி ஆட்டம் கோயில் கொடைத் திருவிழா அன்னிக்கு நடந்துச்சே, மறந்துட்டியளா? அம்மன் கோயிலுக்குப் பின்னால அண்டாவுல அரிசியைப் போட்டுட்டு, விறகு ஈரமா இருக்குன்னு எல்லாரும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்காக. இங்க எங்க வீட்டுக்காரவுக ஒரு அடி அடிச்சாக பாருங்க! பந்து போன வேகத்துக்குக் காத்துல உரசி உரசி, கொல்லன் பட்டறை இரும்பு மாதிரி செவந்துபோச்சு. நேரா அண்டாவுக்குள்ள விழுந்துச்சு. தளபுளன்னு கொதி. அடுப்புல ஒரு சுள்ளி எரியலை. மூணே நிமிசம். மூணு மரக்கா அரிசி, பூ மாதிரி வெந்துருச்சு! அன்னிக்கு ஊரே சாப்பிட்டது எங்க வீட்டுக்காரவுக அடிச்ச அடியிலதான்!"

ஓ என்று சத்தம் எழுந்தது. ஒருத்தி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். வெயிலாட்சியேகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். முப்புடாதி மூச்சு வாங்க நின்றாள். குக்கரின் பளபளப்பு கண்ணுக்குள்ளேயே வந்துவிட்டது.

பூலம்மா சிரிக்கவில்லை. தலைச்சுமையோடு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு மரக்கா அரிசி மூணு நிமிசத்துலயா?"

"ஆமா சித்தி! அம்மன் மேல சத்தியமா!"

"விறகு இல்லாம?"

"ஒரு சுள்ளிகூட இல்லாம!"

பூலம்மா திரும்பி நடந்து, சட்டி மண்ணை அருண்பாண்டி குவியலில் கவிழ்த்தாள். சும்மாட்டை உதறிக்கொண்டே சொன்னாள்:

"அப்பறம் உனக்கு எதுக்குட்டி குக்கர்? காலையில எந்திரிச்சு உம்புருசனை ஒரு பந்து அடிக்கச் சொல்லு."