குப்பைதான் கூலி

ஒரு ஊர்ல ஒரு ரோசம்மா இருந்தா. கால மடக்குடி ஜெசி, அத்தை வயித்துல இடிக்குது; ம் கொட்டிக்கிட்டே கேளு. ம். அவளுக்கு ஒரு மக, ஒரு துண்டு கரட்டு நிலம். வெதச்ச கேவுரு தானியங்கூட திரும்பி வராது, அப்படி ஒரு நிலம். இந்த வருசமும் வெளையலைன்னா செங்கல் சூளைக்குத்தான் போவணும். சூளைக்குப் போனா மக பள்ளிக்கூடம் போச்சு. 

அதே ஊர்ல தேவசகாயம்னு ஒருத்தன், பத்து வருசம் டவுன்ல இருந்துட்டு வந்தவன். கறிக்கு விக்கலாம்னு மூணு காளங்கன்னு வாங்கிக் கட்டினான். கட்டத் தெரிஞ்சுதே தவிர தீனி போடத் தெரியல. மூணும் எலும்பும் தோலுமா நின்னுச்சு.

அப்போ ரோசம்மா போயி, "அண்ணே, நான் பாத்துக்கறேன்"ன்னா.

"என்ன கூலி?"

"குப்பைய மட்டும் எனக்கு விட்டுடுங்க, போதும்."

அவன் சிரிச்சான். டவுன்ல குப்பைன்னா காயிதம், முட்டை ஓடு. "தாராளமா அள்ளிக்கம்மா, வீடு சுத்தமாவும்"ன்னான். நம்ம ஊர்ல குப்பைன்னா என்ன? ம்? ஆங், மக்குன சாணி!

அப்புறம் ரோசம்மா மாட்டுக் கொட்டாய்க்குப் போனா. மாட்டு மூஞ்சியப் பாக்கல, நேரா பின்னாடி போயி நின்னா. சிரிக்காதடி! வாயில்லா ஜீவனுக்குச் சாணிதான் வாயி.

மொத மாடு போட்டுச்சு. டக்கு, டக்கு, டக்கு. கல்லு உருண்டை! "வெறும் வைக்கோலாடா ராசா ஒனக்கு?"ன்னு பச்சைச் சோளத்தட்ட நறுக்கிப் போட்டா.

அப்புறம் ரெண்டாவது. சளக், சளக்! சுவரெல்லாம் தெறிச்சுது. "அடப்பாவி, தவிட்ட அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கான்"னு, தவிட்டக் கொறச்சு வைக்கோலக் கூட்டினா.

அப்புறம் மூணாவது. அதுல முழுசு முழுசா மக்காச்சோளம்! ஒரு வழியா போயி மறு வழியா வந்துடுச்சு. அப்போ அவ சோளத்த இடிச்சு, ஊற வெச்சுக் குடுத்தா.

பத்தே நாளு. தொப்! தொப்! தொப்! மூணும் அடை மாதிரி. ச்சீ, நாளைக்கு அடை வேணாம்னு சொல்லாத.

மாடு மூணும் மினுமினுன்னு ஆச்சு. சாணியெல்லாம் ரோசம்மா வெட்டுன குழிக்குப் போச்சு, மேல வைக்கோலு, மேல மண்ணு. பச்சையா போட்டா பயிரு வெந்துடும்டி, மக்கணும்.

வருசம் திரும்புச்சு, மாடு சந்தைக்குப் போச்சு. ம்... ஆமாடி, கறிக்குத்தான். ரோசம்மா கழுத்தத் தடவிக் குடுத்துதான் அனுப்பினா, அவளுக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அவ கையில இருந்தவரைக்கும் ஒரு வேளை பட்டினி கெடக்கல அதுங்க.

அப்புறம் மழை வந்துச்சு. ரோசம்மா குழியத் தோண்டினா. கருகருன்னு, பொலபொலன்னு எரு! ஊரே வந்து மோந்து பாத்துச்சு. அப்பதான் தேவசகாயத்துக்கு வயிறு எரிஞ்சுது. "நான் சொன்னது வீட்டுக் குப்பை! இது என் மாட்டு எரு"ன்னு வண்டியில ஏத்திட்டான்.

ரோசம்மா மகளக் கையில புடிச்சுக்கிட்டு வண்டி முன்னாடி நின்னா. கண்ணுல தாரதாரையா தண்ணி.  எருப் போட்டு வெதைக்கணுமே, மழை காத்திருக்குமா?

அவனுக்குக் கோவம். ஒரு வருசம் ஊர்ல இருந்தவனாச்சே, நாக்குல ஊர்ப் பேச்சு ஏறிடுச்சு. கத்தினான் பாரு,

"தள்ளும்மா அந்தாண்ட! குப்பை வண்டி வருது!"

சுத்தி நின்னவங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. "என்ன வண்டி தேவா? இன்னொரு தரம் சொல்லு!"

அவன் மூஞ்சி செவந்துபோச்சு. தலையச் சொறிஞ்சான். அப்புறம் வண்டி மாட்டத் திருப்பி, கடக்கடக்குன்னு அவனே ஓட்டிப் போயி, ரோசம்மா கரட்டுல கொட்டினான்.

அந்த வருசம் கேவுரு இடுப்பு ஒசரம். சூளைக்காரன் வந்து கூப்பிட்டப்போ வீட்டுல களி கிண்டுற வாசனை. மக எங்கன்னு கேட்டான். "பள்ளிக்கூடத்துல"ன்னா ரோசம்மா.

ஜெசி? ... "ம்" சத்தத்தக் காணோமே.

சாணி குழியில, கேவுரு பானையில, கண்ணு இமையில. தூங்குடி தங்கம்.