விற்காமல் வைத்திருந்த சீட்

"எந்தக் காரை வாங்குனாலும் தோத்துப்போறனுங்க மேடம். அடுத்தது எதை வாங்கறதுன்னு நீங்களே சொல்லிருங்க."

ரூபவதி தரையில் உட்கார்ந்து ஒரு டயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வித்த காரெல்லாம் என்னாச்சுங்ணா?"

சிவசண்முகத்துக்கு முகம் சுண்டிப்போனது. இதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தான்.

"ஜெயிச்சிருச்சுங்க."

கோயமுத்தூரில் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது பழைய கேலி. வாரமெல்லாம் கிரைண்டர் பட்டறை, லீவு நாளில் ரேஸ் என்று இருக்கிறவன் சிவசண்முகம். சீசன் முடிந்ததும் காரை விற்றுவிடுவான். வாங்க ஆட்கள் முண்டியடிப்பார்கள். போன தடவை பெருந்துறைப் பல் டாக்டர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அதுவரை கடைசி ஆளாக வந்துகொண்டிருந்த மனுஷன் அந்தக் காரில் கோப்பையைத் தூக்கினார். தூக்கியதோடு விட்டாரா? மேடையிலிருந்து இறங்கி வந்து சிவசண்முகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி வேறு சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போய் அவன் சாப்பிடவில்லை.

அவன் மனைவி கோகிலவாணி ஒரு காலத்தில் சண்டை போட்டாள். பிறகு அழுதாள். இப்போது ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்: "இந்தத் தடவை என்ன கலர்?"

சண்டையே தேவலை என்று அவனுக்கு இருந்தது.

ரூபவதி அவனைவிட வயதில் சின்னவர். சாம்பியனாக இருந்தவர், இப்போது ஓட்டுவதில்லை. ஓடுதளத்தை ஒட்டி ஒரு தகர ஷெட் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சொல்லிக்கொடுக்கிறார் என்பதே கொஞ்சம் மிகைதான். வாயைத் திறந்தால் வரி போடுவார்கள் என்பது மாதிரி இருப்பார்.

"காருங்கள்ல என்ன குறை?" என்று கேட்டார்.

"மொதல் கார்ல பிரேக் சரியில்லீங்க. அடுத்தது கனம். அதுக்கடுத்தது வளைவுல இழுத்துச்சு."

"எந்த வளைவு?"

"கடைசி வளைவுங்க. புளியமரத்துப் பக்கம்."

"அந்தக் கனமான காரு?"

"அதுவும் அங்கதான் பிந்துச்சுங்க."

"பிரேக் சரியில்லாதது?"

சிவசண்முகம் செருப்பால் தரையைத் தேய்த்தான்.

ரூபவதி டயரை உருட்டிச் சுவரில் சாய்த்தார்.

"இப்பக் கையில என்ன கார் இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. வித்தாச்சு. புதுசா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். இதுலயும் தோத்தா இதோட விட்டுருவனுங்க. இருபது வயசுல இருந்து இது ஒண்ணுதானுங்க எனக்குன்னு இருந்துச்சு. இதுவும் இல்லைன்னா காலைல எதுக்கு எந்திரிக்கறதுன்னு தெரியலீங்க."

சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவன் மறைக்கவில்லை.

"வித்தது போக என்ன மிச்சம்?"

"ஹெல்மெட்டு. கையுறை. அப்புறம் சீட்."

"சீட்டைக் கொண்டுவாங்க."

அந்த சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த ரேஸ் கார்களில் ஓர் ஆள்தான் உட்கார முடியும். காருக்குள் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதன்மேல் ஓட்டுகிறவரை உட்காரவைத்து, பைக்குள் நுரைமருந்தை ஊற்றுவார்கள். அது சூடாகப் பொங்கி முதுகையும் இடுப்பையும் சுற்றி இறுகும். இறுகும்வரை அசையக் கூடாது. எப்படி உட்கார்ந்திருந்தாரோ, அந்த உட்கார்வுதான் சீட். வேறு ஒருவருக்கும் பொருந்தாது. அதனால் காரை விற்கிறவர்கள் சீட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு அடுத்த காரில் மாட்டிக்கொள்வார்கள்.

ஊரெல்லாம் கார் விற்றவன், மத்தியானம் டவுன் பஸ்ஸில் அந்த சீட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

ரூபவதி சீட்டை வாங்கி சிமெண்டுத் தரையில் வைத்தார். உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார். இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் கை நின்றது.

"கோணலா இருக்குதுங்ணா."

"அன்னைக்குக் கொஞ்சம் திரும்பி உக்காந்துட்டேன் போல. பழகிருச்சுங்க."

"எப்ப ஊத்துனது?"

"இன்பராஜ் கருமாதிக்கு மறுநாளுங்க."

இன்பராஜ் அவனுடைய கூட்டாளி. ஒன்றாக ஓட்டப் பழகியவர்கள், ஒரே பட்டறையில் கார் பிரித்து மாட்டியவர்கள். யார் முன்னால் போவது என்று வாழ்நாளெல்லாம் வம்பு. இன்பராஜ் கடைசியாக ஓட்டிய ரேஸில் சிவசண்முகம் முன்னால் இருந்தான். இன்பராஜ் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தான். புளியமரத்து வளைவில் அவன் கார் புரண்டது.

"உக்காருங்ணா," என்றார் ரூபவதி.

"இங்கயேவா? காரில்லாமயா?"

"கண்ணை மூடிக்குங்க. ஒரு சுத்து ஓட்டுங்க. ஓட்ட ஓட்டச் சொல்லிட்டே வாங்க."

இது அவர்கள் பயிற்சியில் உள்ளதுதான். ஓடுதளத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது. நன்றாக ஓட்டுகிறவர்கள் நிஜத்தில் ஆகும் நேரத்திலேயே மனசிலும் ஒரு சுற்றை முடித்துவிடுவார்கள். ரூபவதி கழுத்தில் தொங்கிய கடிகாரத்தை அமுக்கி ஓடவிட்டார்.

சிவசண்முகம் தரையில் காலை நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"நேர் ரோடுங்க. நாலாவது கியர். மொத வளைவு வருது. பிரேக். மூணு. உள்பக்கம் ஒட்டி வெளிய வர்றேன். ஏத்தம். நல்லா இழுக்குது."

அவன் முகம் தெளிந்தது. கை லேசாகத் திரும்பியது, கால் லேசாக அமுங்கியது. பார்க்க அழகாகவே இருந்தது. இந்த மனுஷன் ஏன் தோற்கிறான் என்று யாருக்கும் தோன்றும்.

"இறக்கம். மறுபடி நாலு. புளியமரம் தெரியுது."

தலை இடது பக்கம் திரும்பியது. கால் தரையை அழுத்தி மிதித்தது.

அதோடு பேச்சு நின்றுவிட்டது.

ரூபவதி கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"பிரேக் போட்டிருக்கனுங்க."

"இந்தக் கார்லயும் பிரேக் சரியில்லியா?"

சிவசண்முகத்தின் கண் மூடியே இருந்தது.

"காரே இல்லீங்களே," என்றான்.

"இடது பக்கம் என்ன?"

"பின்னால வர்றதைப் பார்க்கற கண்ணாடிங்க."

"பயமா இருக்குதா?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் நிக்கறீங்க?"

தகரத்தின் மேல் ஒரு காக்கை நடந்து போனது. ஷெட்டுக்குள் ஆயில் நாற்றமும் வெக்கையும் தேங்கிக் கிடந்தன. சட்டைப் பையில் அவனுடைய போன் அடித்தது. புதுக் காரை விற்கிறவராகத்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"அன்னைக்குச் சிவப்புக் கொடி காட்டிட்டாங்க," என்றான். "எல்லாத்தையும் அங்கங்கயே நிறுத்திட்டாங்க. அந்தச் சுத்து முடியவே இல்லீங்க."

"இப்பக் கொடி இருக்குதா?"

"இல்லீங்க."

"கண்ணாடியில என்ன தெரியுது?"

"ரோடு."

"வேற?"

"ஒண்ணுமில்லீங்க."

"அப்ப கால எடுங்க."

கால் எடுபடவில்லை. நெற்றியில் வேர்த்து, வேர்வை கண்ணோரத்தில் இறங்கியது. அதில் வேர்வை எவ்வளவு என்று சொல்ல முடியாது.

"முடியலீங்க மேடம்."

"ஏன்?"

பதில் சின்னக் குரலில், யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல வந்தது.

"அவன் இன்னும் வரலீங்க."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ரூபவதி அதை நிறுத்தவில்லை. அவன் பக்கத்தில், அந்த அழுக்குத் தரையிலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அவரு வரமாட்டாருங்ணா," என்றார். "நீங்களாச்சும் வந்து சேருங்க."