உவர் நிலத்து அமிர்தகடேசனார்

கடலோரக் கீழைமணற்குடியில் கோயில் கொண்ட பூமிநாதருக்குப் பூத்தொடுத்த அடியார் உண்டு, விளக்கெரித்த அடியாரும் உண்டு. மண்ணைப் பரிசோதித்தே தொண்டு செய்தவர் அமிர்தகடேசனார் ஒருவர்தான். மண்ணியல் விஞ்ஞானி என்பது அவருடைய உத்தியோகப் பெயர். அன்றாடம் செய்ததோ குழி தோண்டுகிற வேலை. இடுப்பளவு குழிக்குள் நின்று அடுக்கடுக்காக மண்ணெடுத்துப் பையில் கட்டுவார். மூடும்போது அடிமண் அடியிலும் மேல்மண் மேலுமாக முறை மாறாமல் இட்டு, ஐந்தெழுத்தைச் சொல்லிக் கையால் தடவிக் கொடுப்பார். நெற்றி நிறையத் திருநீறும் கையில் உப்பு மீட்டருமாக அவர் வருவதைக் கண்டு அலுவலகத்தில் சிரிக்காதவர்கள் குறைவு.

"மீட்டர் காட்டுதா, சாமி காட்டுறாரா சார்?" என்பார்கள்.

"ரெண்டு பேருமே பொய் சொல்றதில்லைங்க" என்பார் அவர், கோபமே இல்லாமல்.

அவருக்கும் சோதனை வந்தது. ஆழ்துளைக் கிணறுகள் நல்ல நீரை உறிஞ்சிவிட, கடல்நீர் உள்ளே புகுந்து அவ்வூரில் முந்நூறு ஏக்கர் உவராகிப் போயிற்று. நட்ட நாற்று எட்டாம் நாளே நுனி கருகியது. அந்த நிலத்தை இறால் குட்டை வெட்டுவதற்குக் கேட்டு ஒரு கம்பெனி வந்தது. பயிருக்கு உதவாது என்று விஞ்ஞானி ஒருவர் கையெழுத்திட்டால் போதும். அமிர்தகடேசனார் நாற்பது குழி தோண்டிப் பார்த்துவிட்டு, "நிலத்துக்கு உயிர் இருக்கிறது. மூன்றாண்டு நெல் வைக்காமல் மழைநீரைத் தேக்கி வடித்து, உவரையும் தாங்கும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதால் பிழைக்கும்" என்று எழுதினார்.

மேலதிகாரி கொதித்தார். ஊரார் அதைவிடக் கொதித்தார்கள். ஏழு ஏக்கர் வைத்திருந்த பக்கிரிசாமி வீடு தேடி வந்துவிட்டார்.

"மூணு வருஷம் நெல்லு போடாம என்னாத்தைங்க திங்கிறது? நல்லாருக்குன்னு எழுதுங்க, இல்ல செத்துப்போச்சுன்னு எழுதுங்க. வித்துட்டாவது போறோம்."

"உள்ளதைத்தாங்க எழுத முடியும்."

இரு தரப்புக்கும் பொல்லாதவரானார். அறிக்கையால் கம்பெனியின் மனு மூன்றாண்டு தள்ளிப்போயிற்று. அதற்குள் நிலம் முளைத்துக் காட்டாவிட்டால் குட்டை வெட்டிவிடுவார்கள். அவரை எங்கோ தொலைவுக்கு மாற்றினார்கள். அவர் வேலையையே விட்டுவிட்டு, ஊரிலேயே மோசமான அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, மனைவி வடிவாம்பாளுடன் வரப்பை உயர்த்தத் தொடங்கினார்.

முதலாண்டு மழை பொய்த்தது. இரண்டாம் ஆண்டு புயலில் கடல் வரப்பேறி வந்து விதைத்ததையெல்லாம் அழித்தது. அந்த ஈரத்தில் காய்ச்சல் கண்டு வடிவாம்பாள் இறந்துபோனார். பூமியைக் குடைந்த பாவம் என்று ஊர் பேசியது. காரியம் முடிந்த மறுநாள் அமிர்தகடேசனார் வரப்பில் உட்கார்ந்து, "பூமிநாதா, அவளுக்கு ஒரு பச்சைப் பயிரையாவது காட்டியிருக்கக் கூடாதா?" என்று வாய்விட்டு அழுதார். அழுதுவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

மூன்றாம் ஆண்டு மழை பெய்தது. ஐந்து முறை நீரைத் தேக்கி வடித்தார். தக்கைப்பூண்டு முழங்காலளவு வந்ததும் மடக்கி உழுதார்; உவரிலும் வளரும் அந்தச் செடியை ஊர் பயிராகவே எண்ணவில்லை. அதற்குள் பங்குனித் திருவிழா வந்துவிட்டது.

கொடியேற்றத்துக்கு முன் வயலில் மண்ணெடுத்து, பாலிகை என்னும் மண் கிண்ணங்களில் நவதானியம் விதைப்பது அக்கோயில் வழக்கம். முளை வருவதைக் கொண்டே ஊர் தன் ஆண்டைக் கணிக்கும். மூன்றாண்டாக ஒரு முளையும் வரவில்லை. இம்முறையும் இறைவனின் சூலத்தைச் சிறு பல்லக்கில் ஏற்றி, மேளத்தோடு வழக்கமான இடத்துக்குப் புறப்பட்டார்கள். அமிர்தகடேசனாரின் வரப்பருகே வந்ததும் தூக்கியவர்களுக்குக் கால் எழவில்லை.

"தோள் அழுந்துதுங்க. நகரமாட்டேங்குது!"

சபேச குருக்கள் கண்ணை மூடித் திறந்து, வயலில் நின்ற அமிர்தகடேசனாரைப் பார்த்தார். "ஸ்வாமி இங்கதான் மண் கேட்கறார். நீரே வெட்டிக் கொடும்."

வேறொருவராயிருந்தால் விழுந்து வணங்கிப் பூரித்திருப்பார். அமிர்தகடேசனார் ஒரு பிடி மண்ணை நீரில் கரைத்து மீட்டரை வைத்தார். முகம் வாடிற்று.

"சாமி, இன்னும் உப்பு இருக்கு. பாதிதான் இறங்கியிருக்கு. முளைக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

பக்கிரிசாமி பொறுமையிழந்தார். "கடவுளே கேக்கும்போதுகூடவாய்யா உம்ம மீட்டரு?"

"அவர்கிட்ட மட்டும் எப்படிங்க பொய் சொல்றது?"

குருக்கள் மண்ணை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் பன்னிரண்டு பாலிகைகளும் பச்சென்று முளைத்திருந்தன. பார்த்த பக்கிரிசாமி கம்பெனிக்குத் தருவதாக இருந்த சம்மதக் கடிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டார்; "என் ஏழு ஏக்கருக்கும் வரப்பை உசத்திக் குடுங்கய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஊரார் பலரும் அவர் பின்னால் வந்து நின்றார்கள்.

கூட்டம் கலைந்தபின் அமிர்தகடேசனார் ஒரு பாலிகை மண்ணில் சிறிது கிள்ளி, மறுபடியும் நீரில் கரைத்துப் பார்த்தார். உப்பு இம்மியும் குறையவில்லை. முளை மட்டும் விரற்கடை உயரம் நின்றது. சந்நிதியிலேயே உட்கார்ந்து, "வடிவு, பாரு, பச்சை" என்று தேம்பினார்.

ஈசன் முன்னும் உள்ளதையே சொன்ன அந்தப் பெரியவரை நினைக்குந்தோறும் நம் நெஞ்சும் சற்று இளகட்டும்.