காலியான இடமும் வாய்க்கால் தண்ணீரும்

காட்டின் தாழ்வான கோடியில் ஒரு குளம் இருந்தது. செவந்தி என்ற நீர்நாய் நான்கு குட்டிகளோடு அங்கே வாழ்ந்தது. ஆற்றிலிருந்து வரும் வாய்க்கால் தூர்ந்துபோனதால் குளம் சேறாகிவிட்டது. மீன்கள் செத்தன. குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

மூன்று ஆண்டுகளாகச் செவந்தி, மந்திரி நரியாரிடம் மனு கொடுத்துவந்தது. "பரிசீலனையில் இருக்கிறது" என்பார் அவர், தலை நிமிராமல்.

அப்போது குளத்துத் தொகுதியின் மகாசபை உறுப்பினர் முள்ளம்பன்றியார் காலமானார். சபையில் நாற்பத்தொரு இடங்கள். சிங்கத்தின் கட்சிக்கு இருபது, சிறுத்தையின் கட்சிக்கு இருபது. காலியான இடத்தைப் பிடிப்பவருக்கே ஆட்சி. இடைத்தேர்தல் அறிவித்தார்கள்.

மறுநாளே சிங்கத்தின் கட்சிக்காக நரியார் ஆறு மந்திரிகளோடு வந்து இறங்கினார். ஒருவர் குட்டிகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டார். இன்னொரு மந்திரியான கரடியார் முள்ளம்பன்றியாருக்காக அழுத அழுகையில், இறந்தவரின் மனைவியே பயந்துபோனது.

"என்னம்மா செவந்தி, சௌக்கியமா? நம்ம வேட்பாளர் காட்டுப்பன்றிக்கு ஓட்டுப் போட்டுடு. ஜெயிச்ச மறுநாளே வாய்க்கால் வெட்டிடலாம்" என்றார் நரியார்.

"நல்லதுங்கய்யா. தண்ணி வந்த மறுநாளே ஓட்டுப் போட்டுடறோம்."

"எங்க மேல நம்பிக்கை வேணாமாம்மா?"

"அது பரிசீலனையில் இருக்குதுங்கய்யா."

நரியாருக்குச் சுருக்கென்றது. செவந்தி அதோடு விடவில்லை. கொக்கு, தவளை, ஆமை என்று எல்லோரையும் பார்த்து இதே பதிலைச் சொல்லவைத்தது. சிறுத்தையின் ஆட்களுக்கும் இதுதான் கிடைத்தது.

வேறு வழியில்லை. காட்டுப்பன்றியின் கூட்டமே திரண்டு வந்து எட்டு நாளில் வாய்க்காலைத் தோண்டி முடித்தது. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் தண்ணீர் குளத்தில் விழுந்தது. குட்டிகள் பாய்ந்து இறங்கின. செவந்தி கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதது.

காட்டுப்பன்றி ஜெயித்துக் காட்டுப்பன்றியார் ஆனது. அன்றைக்கே மந்திரிகள் கிளம்பினார்கள். "ஐயா, கரையையும் கொஞ்சம் பலப்படுத்திக் கொடுத்தா..." என்று செவந்தி கூப்பிட்டது. நரியார் திரும்பிப் பார்க்கவில்லை.

செய்தி பக்கத்து மலைத் தொகுதிக்குப் பரவியது. அங்கேயும் சுனை வற்றிப் பல காலம். மலை விலங்குகள் பழக்கூடையோடு தங்கள் உறுப்பினர் கிழக்குரங்காரின் மரத்தடியில் கூடின.

"ஐயா, உடம்பு எப்படி இருக்கு?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தன.

குரங்கார் உச்சிக்கிளைக்கு ஏறிக்கொண்டார்.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஆகவேண்டிய காரியத்தை ஓட்டுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர் முதுகைத்தான் பார்க்க முடியும்.